உயிரணுவின் காவலர்

புதுக்கோட்டை முன்னாளில் தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட தனிநாடாக விளங்கியது. 1948-ஆம் ஆண்டில் அந்நாடு இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. 1974-ஆம் ஆண்டில் தனி மாவட்டமாயிற்று. இந்நகரில் 1886-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30-ஆம் நாள் ஒரு பெண்மகவு பிறந்தது. பெண்கள் பள்ளிக்குச் செல்வதே அரிதாயிருந்த அக்காலத்தில், அப்பெண் மன்னரின் இசைவு பெற்று, ஆடவர் மட்டுமே பயின்ற மன்னர் கல்லூரியிற் சேர்ந்து கற்றார். பின்பு சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். சென்னை மாகாணச் சட்ட மேலவையின் முதற்பெண் உறுப்பினராகவும் அதன் துணைத் தலைவராகவும் விளங்கினார். அவரே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

அம்மையாருக்குத் தங்கை ஒருவர் இருந்தார். அவர் புற்றுநோயால் இறந்துபட்டார். மருத்துவம் கற்ற தமக்கையிருந்தும் தங்கையைக் காக்க இயலவில்லை. அத்துயரம் அம்மையாரின் உள்ளத்தை விட்டு நீங்கவே இல்லை. புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை ஒன்று எழ வேண்டும் என்று பல்லாண்டு பாடுபட்டார். இந்திய மாதர் சங்கத்தினர் பொருள் திரட்டினர். 1952-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் பிரதமர் நேரு சென்னை அடையாற்றில் அடிக்கல் நாட்டினார். 1954-ஆம் ஆண்டு சூன் 18-ஆம் நாள் 12 படுக்கைகளோடு புற்றுநோய் நிலையம் தொடங்கிற்று. அம்மையாரின் மைந்தர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், அடுத்த ஆண்டு வந்து சேர்ந்த டாக்டர் வி. சாந்தாவும் அதனைத் தம் உயிரெனப் பேணி வளர்த்தனர்.

தங்கைக்கு வந்த நோயைக் கண்டு அழுததோடு அம்மையார் நின்றாரல்லர். பிறர் தங்கையரைக் காக்க வழி யாது என்று தேடினார். அவ்வழியைத் தேடுவோர் முதற்கண் ஒன்றை அறிதல் வேண்டும். அஃது அந்நோய் எங்கிருந்து வருகின்றது என்பதாம். திருவள்ளுவரும் மருந்துக்கென ஓர் அதிகாரம் வகுத்து, நோயோடு அதன் காரணத்தையும் ஆராய்ந்தறிந்த பின்னரே மருத்துவம் செய்தல் வேண்டும் என உணர்த்தினார் அன்றோ?

இவ்வினாவை என்னிடம் ஒரு மாணவியே கேட்டாள். யான் புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியனாக இருந்த காலம் அது. முத்துலட்சுமி அம்மையாரின் வரலாற்றைக் கூறி முடித்தேன். வகுப்புக் கலைந்த பின்னரும் அவள் மட்டும் எழுந்து செல்லாது நின்றாள். அவள் தாய் மார்பகப் புற்றுநோயால் இறந்து இரண்டாண்டு ஆகியிருந்தது. தாயின் தாயும் அந்நோயாலேயே மறைந்தவர்.

“ஐயா, எங்கள் குடும்பத்திற்கு ஏதோ சாபம் என்று ஊரில் சொல்கிறார்கள். எனக்கும் வருமா, ஐயா?” என்றாள்.

இலக்கணத்தில் எத்தனையோ ஐயங்களை அகற்றிய எனக்கு இதற்கு விடை கூறத் தெரியவில்லை. “அறிந்து வந்து சொல்கிறேன், அம்மா” என்று மட்டும் கூறினேன். பின்பு மருத்துவர்களைக் கேட்டும் நூல்களைப் படித்தும் யான் அறிந்தவற்றையே இங்கு எழுதுகின்றேன்.

நம் உடல் எண்ணற்ற உயிரணுக்களால் ஆயது. பழைய உயிரணுக்கள் மடிகின்றன. அவற்றின் இடத்தை நிரப்பப் புதியன தோன்றுகின்றன. ஓர் உயிரணு இரண்டாகப் பிரிவதனாலேயே புதியது உண்டாகின்றது. காயம் பட்ட இடத்தில் தோல் வளர்வதும், குழந்தை வளர்ந்து இளைஞனாவதும் இப்பிரிவினாலேயே ஆம். எனினும், காயம் ஆறியதும் தோல் வளர்தல் நின்றுவிடுகின்றது. நிற்குமாறு கட்டளையிடுவது எது?

நம் மாவட்டம் கண்மாய்ப் பாசனத்திற்குப் பேர்பெற்றது. புதுக்கோட்டையை அடுத்த கவிநாட்டுக் கண்மாயை நீங்கள் கண்டிருப்பீர்கள். கண்மாயின் மடையைத் திறந்தால் நீர் பாய்ந்து பயிர் வளரும். ஆனால், திறந்த மடையை உரிய காலத்தில் அடைக்கவும் வேண்டும். அடைப்பார் இல்லையேல், வளர்த்த நீரே வயலை மூழ்கடித்து அழிக்கும். உயிரணுவிலும் இவ்விருவகை ஏவலர் உளர். வளர்க என்று மடையைத் திறக்கும் மரபணுக்கள் ஒரு வகை. போதும், நில் என்று மடையை அடைக்கும் மரபணுக்கள் மற்றொரு வகை. இப்பின்னவற்றையே அறிஞர்கள் கட்டியை அடக்கும் மரபணுக்கள் என்பர். இவை தம் கடமையினின்று வழுவும்பொழுது, உயிரணுக்கள் வரம்பின்றிப் பெருகிக் கட்டியாகின்றன. பின்பு குருதியின் வழியாகவும் நிணநீரின் வழியாகவும் பிற உறுப்புக்களையும் சென்று பற்றுகின்றன. அதுவே புற்றுநோய்.

ஆகவே, புற்றுநோய் புறத்தேயிருந்து வரும் பகையன்று. அது தொட்டால் ஒட்டுவதும் அன்று, சாபமும் அன்று. உள்ளிருந்து காப்போர் அயர்ந்தமையால் விளையும் கேடு அது.

இனி, மரபணு என்பது யாது எனக் காண்போம். ஒவ்வோர் உயிரணுவினுள்ளும் டி.என்.ஏ. என்னும் நுண்ணிய இழை உள்ளது. அதனை ஓர் ஏட்டுச்சுவடி எனக் கொள்ளலாம். நம் தமிழுக்கு 247 எழுத்துக்கள். அச்சுவடிக்கோ நான்கே எழுத்துக்கள். அந்நான்கும் மாறி மாறி ஏறத்தாழ 300 கோடி இடங்களில் அமைந்து, நம் உடலை ஆக்கும் முறையினைக் கூறுகின்றன. அச்சுவடியில் ஒரு பொருளை உணர்த்தும் ஒரு பகுதியே ஒரு மரபணு. நூலில் ஒரு செய்யுள் போன்றது எனலாம். தந்தையிடமிருந்து ஒரு படியும் தாயிடமிருந்து ஒரு படியுமாக, ஒவ்வொரு மரபணுவும் நம்மிடத்து இரட்டையாக உள்ளது.

இவ்விரட்டை அமைப்பு நமக்கு ஒரு பெரும் பாதுகாப்பாகும். ஒரு மடைக்குக் காவலர் இருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவன் உறங்கினாலும் மற்றவன் மடையை அடைப்பான். இருவரும் உறங்கினாலன்றி வயல் மூழ்காது. இவ்வுண்மையை 1971-ஆம் ஆண்டில் எடுத்துரைத்தவர் அமெரிக்க மருத்துவர் ஆல்பிரட் நட்சன் என்பார். குழந்தைகளின் விழித்திரையில் தோன்றும் புற்றுநோயை அவர் ஆராய்ந்தார். 48 குழந்தைகளின் நோய் வரலாற்றை எடுத்துக் கணக்கிட்டுப் பார்த்தார். மரபுவழியாக நோயுற்ற குழந்தைகளுக்கு அது மிக இளமையிலேயே, பெரும்பாலும் இரு கண்களிலும் தோன்றிற்று. ஏனையோர்க்குச் சற்றுப் பிந்தி, ஒரு கண்ணில் மட்டுமே தோன்றிற்று.

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் என்னை? முன்னவர்க்குப் பிறக்கும்பொழுதே காவலருள் ஒருவர் இலர். எஞ்சிய ஒருவர் அயர்ந்தால் போதும், நோய் தோன்றிவிடும். பின்னவர்க்கோ இரு காவலரும் ஒரே உயிரணுவில் ஒருவர்பின் ஒருவராக வீழ்தல் வேண்டும். அஃது அரிதினும் அரிது. நட்சன் கணித்த அந்த மரபணு 13-ஆம் நிறப்புரியில் இருப்பதாக அறியப்பட்டு, 1986-இல் பிரித்தெடுக்கவும் பட்டது. கட்டியை அடக்கும் மரபணுக்களுள் முதன்முதற் பிரித்தெடுக்கப்பட்டது அதுவே.

இத்தகைய காவலருள் தலைமை சான்றது பி-53 என்பது. அதன்வழி உண்டாகும் புரதத்தின் எடை 53 ஆயிரம் அலகு என முதற்கண் மதிப்பிட்டமையால் அப்பெயர் அமைந்தது. 1979-இல் அதனைக் கண்ட அறிஞர்கள், அது புற்றினை வளர்ப்பது என்றே கருதினர். பத்தாண்டு கழித்து, 1989-இல், அது புற்றினை அடக்குவது என்னும் உண்மை வெளிப்பட்டது. திருடன் என ஐயுற்றுக் கட்டி வைத்தவனே ஊர்க்காவலன் எனத் தெரிந்தது போன்றதாயிற்று அது.

பி-53 செய்யும் தொழிலைக் கேளுங்கள். உயிரணு பிரிவதன்முன், தன் சுவடி முழுவதற்கும் மறுபடி ஒன்று எடுக்கின்றது. கதிர்வீச்சாலோ நச்சுப் பொருளாலோ சுவடியில் ஊறு நேர்ந்திருப்பின், பி-53 “படியெடுப்பதை நிறுத்துக” என ஆணையிடும். பழுது தீர்ந்த பின்னரே மேற்செல்ல விடும். தீர்க்கவொண்ணாப் பழுதாயின், அவ்வுயிரணுவையே மாய்ந்துபோகச் செய்யும். பிழை மலிந்த ஏடு பரவுவதினும் அவ்வேடு ஒன்று அழிதல் நன்றன்றோ? மனிதர்க்கு வரும் புற்றுநோய்களுள் ஏறத்தாழப் பாதியில் இம்மரபணு பழுதுற்றுக் கிடக்கின்றது. மார்பகப் புற்றுநோயிலும் அடிக்கடி பழுதுறும் மரபணுக்களுள் இஃது ஒன்றாம்.

இனி, என் மாணவியின் வினாவிற்கு நேரே விடை பகரும் இரு மரபணுக்களைக் காண்போம். ஒரே குடும்பத்தில் தாய், மகள், பெயர்த்தி என மார்பகப் புற்றுநோய் தொடர்தலைப் பலர் நெடுங்காலமாகவே கண்டிருந்தனர். எனினும், ஒரே மரபணு இதற்குக் காரணமாதல் கூடுமென்று மிகப் பலர் நம்பவில்லை. அமெரிக்க நாட்டுப் பெண் அறிஞர் மேரி கிளேர் கிங் என்பவர் நம்பினார். அவர் பல ஆண்டுகள் உழைத்து, 23 குடும்பங்களைச் சார்ந்த 146 நோயாளிகளின் செய்திகளை ஆராய்ந்தார். 17-ஆம் நிறப்புரியில் ஓரிடத்தில் அம்மரபணு உள்ளது என 1990-இல் நிறுவினார். 1994-இல் அது பிரித்தெடுக்கப்பட்டது. அதுவே பி.ஆர்.சி.ஏ.-1. அடுத்த ஆண்டிலேயே 13-ஆம் நிறப்புரியிலிருந்து பி.ஆர்.சி.ஏ.-2 என்பதும் கண்டெடுக்கப்பட்டது.

இவ்விரண்டின் தொழில் தமிழ் கற்றவர்க்கு எளிதில் விளங்கும். டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார் என்பதை அறிவீர்கள். அவர் பெற்ற ஏடுகள் செல்லரித்தும் முறிந்தும் கிடந்தன. ஓர் ஏட்டில் ஓர் அடி சிதைந்திருந்தால், தாமாக ஒன்றைப் புனைந்து எழுதினாரல்லர். வேறோர் ஊரினின்று கிடைத்த படியோடு ஒப்புநோக்கி, உண்மைப் பாடத்தைக் கண்டார். ஒரு நூலுக்குப் பல படிகளை அவர் தேடியலைந்தது இதன்பொருட்டே.

உயிரணுவிலும் இதுவே நிகழ்கின்றது. டி.என்.ஏ. இழை இரு புரியும் அற்று முறிந்துவிடுவது உண்டு. உயிரணுவுக்கு நேரும் ஊறுகளுள் இது மிகக் கொடிது. அப்பொழுது பி.ஆர்.சி.ஏ.-1 முறிந்த இடத்தை நாடிச் சென்று, பழுது பார்ப்போரைக் கூட்டுவிக்கும். பி.ஆர்.சி.ஏ.-2, ஒப்புநோக்குதற்கு வேண்டும் கருவியை அங்கே கொணர்ந்து சேர்க்கும். பிரிவதற்கென எடுத்து வைத்த மறுபடியைப் பார்த்து, முறிந்த பகுதி எழுத்துப் பிசகாமல் மீண்டும் எழுதப்படும். இப்பதிப்பாசிரியர் இல்லாத உயிரணு என் செய்யும்? முறிந்த இரு முனைகளையும் எவ்வாறோ ஒட்டவைத்துக்கொள்ளும். எழுத்துக்கள் உதிரும், இடம் மாறும். அங்ஙனம் பிழை பெருகப் பெருக, மடை அடைக்கும் ஏனைய காவலரையும் அப்பிழைகள் அழித்துவிடும். மார்பகத்து உயிரணுக்கள், பெண் பூப்பெய்திய நாள்தொட்டு மாதந்தோறும் வளர்ந்தும் ஒடுங்கியும் வருவன. படியெடுத்தல் மிகும் இடத்தில் பிழை நேரும் வாய்ப்பும் மிகும்.

இப்பொழுது வினாவிற்கு வருவோம். “எனக்கும் வருமா?” என்றாள் அல்லளோ?

முதலாவது, மார்பகப் புற்றுநோய் பெரும்பாலும் மரபுவழி வருவதன்று. நோயுற்ற 100 பேரில் 5 முதல் 10 பேர்க்கே பெற்றோர்வழி வந்த மரபணுப் பழுது காரணமாகும். ஏனையோர்க்கு அப்பழுது வாழ்நாளில் உடலினுள் நேர்வது. அது மக்களுக்குச் செல்லாது.

இரண்டாவது, தாயிடம் பழுதுற்ற பி.ஆர்.சி.ஏ. மரபணு ஒன்று இருந்தாலும், அது மகளிடம் வந்தே தீரும் என்பதில்லை. தாயிடம் நற்படி ஒன்றும் தீப்படி ஒன்றும் உள்ளன. மகவு பெறுவது அவற்றுள் ஒன்றே. ஆதலின் வருதலும் வாராமையும் சரிபாதி. தந்தையிடம் அப்பழுது இருப்பின், அவரிடமிருந்தும் அது மகளுக்கோ மகனுக்கோ வரலாம். தாய்மேல் மட்டும் பழி சுமத்துதல் அறமன்று, அறிவும் அன்று.

மூன்றாவது, பழுதுற்ற படியைப் பெற்றாலும் நோய் உறுதியன்று. அத்தகைய பெண்கள் 100 பேரில் 60 பேருக்கு மேற்பட்டோர் தம் வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் எய்துகின்றனர் என்பது மெய்யே. சூற்பைப் புற்றுநோய்க்கும் அவர்களிடத்து இடம் உண்டு. எனினும், எய்தாதோரும் உளர். குருதியை ஆய்ந்து இப்பழுது உண்டா இல்லையா என அறியும் சோதனை இன்று உள்ளது. உண்டு என அறிந்தோர், மருத்துவரின் அறிவுரைப்படி, ஏனையோரினும் இளம் வயதிலேயே ஆண்டுதோறும் படப்பரிசோதனை செய்துகொண்டு விழிப்பாயிருத்தல் கூடும். அடையாற்று நிலையத்தின் அறிஞர்கள் இந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தென்னிந்தியக் குடும்பங்களில் இம்மரபணுக்களின் பழுதுகளை ஆராய்ந்து வெளியிட்டுள்ளனர்.

பகைவனின் வலிமைக்குள்ளேயே அவன் மெலிவும் இருக்கும் என்பர். அதற்கு ஓர் எடுத்துக்காட்டு இங்கே உண்டு. பி.ஆர்.சி.ஏ. இழந்த புற்றணு, பார்ப் என்னும் மற்றொரு பழுதுபார்க்கும் புரதத்தை நம்பியே உயிர்வாழ்கின்றது. அப்புரதத்தையும் மருந்தால் தடுத்துவிட்டால், புற்றணு தன் முறிவுகளைத் தீர்க்க வழியின்றி மாயும். நற்படி ஒன்றேனும் உடைய நல்லணுக்களோ பிழைத்துக்கொள்ளும். இதனை 2005-இல் இங்கிலாந்து அறிஞர்கள் காட்டினர். அவ்வழியில் அமைந்த மருந்து இன்று மார்பகப் புற்றுநோய்க்கும் வழங்கப்படுகின்றது.

சில நாள் கழித்து, இவற்றையெல்லாம் யான் அம்மாணவிக்குக் கூறினேன். அவள் முகம் தெளியும் என எண்ணினேன். அவளோ தலைகவிழ்ந்து, “ஐயா, எங்கள் சின்னம்மாவுக்கும் மார்பில் ஒரு கட்டி இருக்கிறது. ஆறு மாதமாக யாரிடமும் சொல்லவில்லை. வலி இல்லை, தானாகப் போய்விடும் என்கிறார். சொன்னால் சாபம் என்பார்களே என்று அஞ்சுகிறார்” என்றாள். அவள் தனக்காக மட்டும் வினவவில்லை என்பதை அப்பொழுதே உணர்ந்தேன்.

அன்று மாலையே என் மனைவியார் அவ்வீட்டிற்குச் சென்றார். என்ன பேசினார் என யான் அறியேன். மறுநாட் காலையில் இருவரும் பேருந்தேறி அரசு மருத்துவமனைக்குச் சென்றனர். அது புற்றுநோயே, ஆயினும், அக்குளைத் தாண்டிப் பரவவில்லை. அறுவையும் மருந்தும் ஓராண்டு நீண்டன. அவ்வம்மையார் இன்றும் வாழ்கின்றார்.

மாணவ மாணவியரே, 2022-ஆம் ஆண்டில் உலகெங்கும் 23 இலட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அவ்வாண்டில் 6 இலட்சத்து 70 ஆயிரம் பேர் அந்நோயால் மாண்டனர். நம் இந்திய நாட்டில் கண்டறியப்பட்டோர் ஏறத்தாழ 1 இலட்சத்து 92 ஆயிரம் பேர். மாண்டோர் ஏறத்தாழ 98 ஆயிரம் பேர். இவ்விரு கணக்கையும் ஒப்புநோக்குங்கள். உலகக் கணக்கில் மாண்டோர் தொகை கண்டறியப்பட்டோர் தொகையில் மூன்றில் ஒரு பங்கிற்கும் குறைவு. நம் நாட்டில் பாதி. காலந்தாழ்த்தி மருத்துவரை நாடுதலே இதற்கு ஒரு பெருங்காரணம். நாணமும் அச்சமும் ஊரார் சொல்லும் நம் பெண்களை வாய்மூடச் செய்கின்றன. நோயினும் அம்மௌனம் கொடிது.

மார்பிலோ அக்குளிலோ வலியில்லாத கட்டி, தோலில் குழிவு, காம்பு உள்ளிழுத்தல், காம்பிலிருந்து குருதி கசிதல் ஆகிய இவற்றுள் ஒன்று தோன்றினும், பிறர்க்கு மறையாமல் மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும். கட்டிகளுள் பெரும்பாலன புற்று அல்ல. எனினும், அதனைத் துணிந்து கூற வேண்டியவர் மருத்துவரே, நாம் அல்லேம். 30 வயது கடந்த பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இச்சோதனை செய்கின்றனர். ஆடவர்க்கும் அரிதாக இந்நோய் வருவது உண்டு. அவரும் நாணுதல் ஆகாது.

உயிரணுவினுள் இருக்கும் காவலரை நாம் கண்ணாற் காண இயலாது. அவர் அயர்வதை எப்பொழுதும் தடுக்கவும் இயலாது. ஆயினும், அவர் அயர்ந்த இடத்தில் அறிவும் அன்பும் காவல் நிற்றல் கூடும். தங்கையை இழந்த புதுக்கோட்டைப் பெண்மணி ஒருவர் 12 படுக்கைகளோடு தொடங்கிய காவல் அது. சின்னம்மாவின் பொருட்டு வாய் திறந்த சிறுமி செய்ததும் அக்காவலே. நும் இல்லத்துத் தாயரிடமும் பாட்டியரிடமும் இன்று மாலையே இப்பாடத்தைப் படித்துக் காட்டுங்கள்.